அப்பா குடிக்க மறுத்த பேரியம்

எங்கள் அப்பாவுக்கு வயிறு என்று ஒன்று இருப்பதே, அது வலிக்கத் தொடங்கிய பிறகுதான் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது. அதுவரை அவர் வாயிலிருந்து பசிக்கிறது என்ற சொல்லை நான் கேட்டதில்லை. சோறு போட்டால் சாப்பிடுவார், போடாவிட்டால் டி.வி. பார்ப்பார்.

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவருக்கு மருந்து கலக்குகிற வேலை. எங்கள் ஊர்ப்பக்கம் மருந்து என்றால் பட்டாசு மருந்துதான். உடம்புக்குத் தின்பதெல்லாம் மாத்திரை, டானிக். வானத்தில் போய் விரிகிற பூக்களுக்கு நிறம் கொடுப்பது அப்பாவின் கை. சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்கு பேரியம், வெள்ளிக்கு அலுமினியப் பவுடர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தீபாவளி அன்று மற்ற வீட்டு அப்பாக்கள் வெடி வெடிப்பார்கள். எங்கள் அப்பா கையைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்து, "பச்சை வெளுத்துப்போச்சே, எவன் கலந்தான்?" என்று குறை சொல்லிக்கொண்டு நிற்பார்.

மருந்து கலப்பதை வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். அதனால் கருக்கலிலேயே கம்பெனி வண்டி வந்துவிடும். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று அம்மா தினமும் கெஞ்சுவாள். அவரோ, "வயிறு நிறைஞ்சா கண்ணு சொருகும். மருந்து ரூம்ல கண்ணு சொருகுனா மொத்தமாச் சொருகிரும்" என்று சொல்லிவிட்டு வெறும் டீயோடு வண்டி ஏறிவிடுவார். சரி, வேலை முடிந்த பிறகாவது சாப்பிடலாம் அல்லவா? அதுவும் மாட்டார். பேரியம் பட்ட கையால் சோற்றைத் தொடக்கூடாது என்பது அவர் கட்சி. முழங்கை வரை சோப்புப் போட்டு, நகக்கண்ணை ஈர்க்குச்சியால் நோண்டி, வீட்டுக்கு வந்து மறுபடி குளித்து, அப்புறம்தான் தட்டின் முன்னால் உட்காருவார். அதற்குள் மற்றவர்கள் சாயங்கால டீயே குடித்து முடித்திருப்பார்கள்.

இதற்கெல்லாம் காரணம் ஒரு ஆடு. பேரியம் வந்த காலிச் சாக்கை அது நக்கிவிட்டது. நக்கிய கொஞ்ச நேரத்தில் கால் இழுத்துக்கொண்டு, உடம்பெல்லாம் வெடவெடவென்று ஆடி, விழுந்து செத்துப்போனது. அப்பா கண்ணால் பார்த்தவர். அந்த ஆட்டின் கதையைக் கேட்காமல் எங்கள் வீட்டில் யாரும் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போக முடியாது.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம், தீபாவளி சீசன் சூடுபிடித்திருந்த நேரத்தில் அவருக்கு நடுவயிற்றில் எரிய ஆரம்பித்தது. வாயு என்றார்கள், பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தாள் அம்மா. சூடு என்றார்கள், வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுத்தாள். குடல் ஏறிக்கொண்டது என்று சொல்லி, தடவிவிடுகிற ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அவர் விளக்கெண்ணெய் போட்டுத் தடவிய தடவலில் வயிற்றுவலியோடு விலாவலியும் சேர்ந்துகொண்டதுதான் மிச்சம். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, அதே கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். அவர் தன் பங்குக்குப் பன்னீர் சோடாவாக வாங்கி வந்து ஊற்றினார். அப்பா விட்ட ஏப்பத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வர ஆரம்பித்தது. சட்டை தொளதொளத்தது. சிவகாசி டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, விருதுநகரில் குடலைப் படம் எடுத்து வரும்படி சீட்டு எழுதினார். "புண்ணாவும் இருக்கலாம். வேற மாதிரியாவும் இருக்கலாம். படம் பாக்காம நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றார். அந்த வேறு மாதிரி என்ன என்று அம்மா கேட்கவில்லை. எங்கள் தெருவிலேயே ஒருவர் வயிற்றெரிச்சல் என்று ஆரம்பித்து, அந்த மழைக்காலம் முடிவதற்குள் முடிந்துபோயிருந்தார். பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் அம்மா என் கையைப் பிடித்த பிடியை விடவில்லை. வலிக்குதும்மா என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை.

காலாண்டு விடுமுறை என்பதால் விருதுநகருக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். விருதுநகர் என்றால் எனக்கு எண்ணெயில் முறுகப் பொரித்த பரோட்டா, வேறொன்றும் இல்லை. ஆகவே அப்பாவின் குடலைப் படம் எடுக்கப் போகிறோம் என்றதும் எனக்கு ஒரே கொண்டாட்டம். துணைக்கு மாமாவும் வந்தார். அப்பா முந்தின இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அப்படித்தான் வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

வினை அந்த எக்ஸ்ரே அறை வாசலிலேயே ஆரம்பித்தது. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு. பக்கத்தில் அபாயப் பலகை. படம் எடுக்கிறவர் தடித்த கண்ணாடி போட்டு வெடுக்வெடுக்கென்று பேசுகிற மனிதர். செருப்பை வெளியே விடச் சொன்னார். மோதிரத்தைக் கழற்றச் சொன்னார். அரைஞாண் கயிற்றில் கிடந்த தாயத்தையும் கழற்றச் சொன்னார். அப்பாவின் முகம் மாறிவிட்டது. மருந்து ரூமுக்குள் போகும்போதும் இதையெல்லாம்தான் கழற்றச் சொல்வார்கள். இரும்பும் தகரமும் உரசிப் பொறி பறந்துவிடக் கூடாது என்பதற்காக.

"படம் எடுக்கையில நீங்க எங்கன நிப்பீக?" என்று அப்பா கேட்டார்.

"நானா? அந்தச் சுவத்துக்குப் பின்னாடி."

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா அப்பாவைப் பார்த்தார். கம்பெனியில் புது வெடியைப் பற்றவைத்துவிட்டுச் சுவருக்குப் பின்னால் ஓடுகிறவர்களை அவர்கள் அன்றாடம் பார்க்கிறவர்கள்.

அந்த நேரம் பார்த்து டம்ளர் வந்தது. சுண்ணாம்பைக் கெட்டியாகக் கரைத்தாற்போல் வெள்ளை வெளேரென்று ஏதோ அதில் நிறைந்திருந்தது. அப்பா மோந்து பார்த்தார். ஒரு சொட்டை விரல் நுனியில் தொட்டுக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். இது என்னதுங்க என்று கேட்டார்.

"பேரியம். இதைக் குடிச்சாத்தான் குடல் படத்துல தெரியும். ஒரே மூச்சுல குடிங்க."

அப்பா டம்ளரை மேசைமேல் வைத்தார். மருந்து ரூமில் எதையும் வைக்கிற பக்குவத்தோடு, சத்தமே வராமல் வைத்தார். வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்.

"பேரியம் உள்ள. வயித்துல கேஸு இருக்குன்னு ஊரே சொல்லுது. அதுக்கு மேல நீங்க கரண்ட்டை விடுவீக. அப்புறம் என்னங்க பாக்கி? திரி ஒண்ணுதான!"

கண்ணாடிக்காரர் பொறுமையாகத்தான் சொன்னார். இது அந்தப் பேரியம் இல்லை, வேறு சேர்மானம், வயிற்றுக்குள் கரையவே கரையாது, போன மாதிரியே வெளியே வந்துவிடும் என்று. "ஆட்டுக்கு வெளிய வரலையே?" என்றார் அப்பா. எந்த ஆட்டுக்கு என்று அவர் முழித்தார். கேட்டதுதான் தாமதம், மாமா ஆட்டின் கதையை ஆதியோடந்தமாக ஆரம்பித்துவிட்டார். வரிசையில் உட்கார்ந்திருந்த மற்ற நோயாளிகளும் எழுந்து வந்து கேட்டார்கள். கதை முடிந்தபோது அப்பா தாயத்தைக் கட்டிக்கொண்டு தெருவில் நின்றார். அவரோடு சேர்ந்து இன்னொரு வயிற்றுவலிக்காரரும் வெளியேறிவிட்டார்.

உயிர் பிழைத்த சந்தோஷத்தில் அப்பா எல்லாருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். நான் சால்னாவில் முங்கினேன். அம்மா ஒரு துண்டு பிய்த்து வைத்துக்கொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்ததும் அப்பா சுவரோரமாகக் குனிந்தார். தின்றது அத்தனையும் வந்துவிட்டது. கறுப்பாக, தூள் தூளாக, காய்ந்த ரத்தம்போல் அதில் ஏதோ கிடந்தது. டீத்தூள் என்றார் அப்பா. அவர் காலையிலிருந்து டீ குடிக்கவே இல்லை என்பது எனக்கே தெரியும், அம்மாவுக்குத் தெரியாதா?

ஊரில் மாமா வாய் சும்மா இருக்கவில்லை. மறுநாளே கம்பெனி முழுக்கச் செய்தி பரவியது. பேரியத்தைக் குடித்தவன் வயிறு இருட்டில் பச்சையாக எரியும் என்றார் ஒருவர். காற்றுப் பிரியும்போது பக்கத்தில் எவனும் பீடி பற்றவைக்கக் கூடாது என்றார் இன்னொருவர். "நம்மகிட்டயே பேரியத்தைக் காட்டுறானாம்லே!" என்று ரோஷப்பட்டார்கள் சிலர். வீட்டுக்கு வந்து அப்பாவின் கையைப் பிடித்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அப்பாவும் எலும்பும் தோலுமாக உட்கார்ந்துகொண்டு, தேர்தலில் ஜெயித்தவரைப்போல் எல்லாருக்கும் தலையாட்டினார்.

ஒரு நாள் என்னிடம் அறிவியல் புத்தகத்தைக் கேட்டார். அதில் மனிதனின் சீரண மண்டலம் என்று ஒரு படம் இருந்தது. வாயில் விரலை வைத்து, உணவுக்குழல் வழியாக இறங்கி, இரைப்பையில் கொஞ்சம் நின்று, சிறுகுடலின் நெளிவுகளில் வழி தவறி, திரும்ப இரைப்பைக்கே வந்தார். "ஏயப்பா, எம்புட்டு நீளத்தைச் சுருட்டி வச்சிருக்கு" என்று அதிசயித்தார். இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்குகிற இடத்தைத் தொட்டு, இங்கனதான் எரியுது என்றார். நான் அந்தப் பக்கத்தை உரக்கப் படித்தேன். இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுரக்கிறது என்ற வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தாயி, அதைத் திரும்பப் படி."

திரும்பப் படித்தேன்.

"ஆசிட்டா? ஆசிட்டை உள்ள வச்சுக்கிட்டா இத்தனை வருசமாச் சோறு திங்குறேன்? அது மேல கொண்டுபோய்ப் பேரியத்தை ஊத்தச் சொல்றானே பாவி!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் புத்தகம் அப்பாவின் கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டது.

அம்மா வீட்டில் வெடிக்கான காகிதக் குழாய் சுருட்டுகிறவள். இந்தப் பேச்சு நடக்கும்போதெல்லாம் தலை நிமிராமல் சுருட்டிக்கொண்டிருப்பாள். அப்பா சொன்னதற்கு அவள் எதிர்ப்பேச்சுப் பேசி நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு மத்தியானம் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தவர், கூப்பிட்டால் பதில் சொல்லக்கூட முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அம்மா சுருட்டிய குழாய்களை அப்படியே தள்ளிவிட்டு எழுந்தாள்.

"நாளைக்கு விருதுநகர் போறோம்."

"நான் குடிக்கமாட்டேன்" என்று அப்பா தரையிலிருந்து முனகினார்.

"குடிக்க வேண்டாம். சும்மா வந்து நில்லுங்க, போதும்."

குடிக்காமல் எப்படிப் படம் எடுப்பார்கள் என்று யாரும் கேட்கவில்லை. மாமா மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று, வரும்போதே கொஞ்சம் தள்ளியே நடந்து வந்தார்.

எங்களைக் கண்டதும் கண்ணாடிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். அது வணக்கமா, தயவுசெய்து போய்விடுங்கள் என்பதா என்று தெரியவில்லை. இருந்தாலும் பேரியத்தைக் கலக்கினார். இந்தத் தடவை வயிற்றை விரியவைப்பதற்கு என்று ஒரு பவுடரையும் தண்ணீரில் போட்டார். அது புஸ்ஸென்று பொங்கியது. அப்பா கதவைத் தாண்டிவிட்டார்.

அம்மா மேசைக்குப் போனாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். பொங்கியதை எடுத்துக் குடித்தாள். பிறகு பேரியத்தை எடுத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மடக்மடக்கென்று கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். மேலுதட்டில் வெள்ளையாக மீசை.

"ஏம்மா! படம் உங்களுக்கு இல்லம்மா!" என்று கண்ணாடிக்காரர் அலறினார்.

"இவுகளுக்கு வேற கலங்க" என்றாள் அம்மா. பிறகு அப்பாவிடம் திரும்பி, "நான் குடிச்சிட்டேன். உக்காந்து பாருங்க. எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா நீங்க குடிக்கணும்" என்றாள்.

போய் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். அப்பா அவள் எதிரில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். டம்ளரில் இருந்ததைவிட அவர் முகம் வெளுத்திருந்தது. நாக்கு மரக்குதா, கால் இழுக்குதா, விரலை ஆட்டு, கண்ணைச் சிமிட்டு என்று ஒன்று மாற்றி ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மா பரீட்சையில் உட்கார்ந்த பிள்ளைபோல எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னாள். மாமா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாசற்படியில் நின்றார். கம்பெனியில் வெடியைப் பற்றவைக்கும்போது எவ்வளவு தூரம் விடுவார்களோ அவ்வளவு தூரம்.

எல்லாரும் அம்மாவின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. கண் விரிந்தது. அடுத்த நொடி, பொங்குகிற பவுடர் தன் வேலையைக் காட்டியது. அப்படியொரு ஏப்பத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அப்பா மல்லாந்து விழுந்தார். மாமா என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடத் தொடங்கியவர், தெருமுனை இளநீர்க் கடையில் போய்த்தான் நின்றார்.

வெடிச் சத்தம் எதுவும் வராததால் மெதுவாகத் திரும்பி வந்தோம். அம்மா பெஞ்சில் சுகமாக இருந்தாள். அப்பா அவள் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். பெரியவர்கள் இப்படி ஆஸ்பத்திரியில் எல்லார் முன்னாலும் அழுவார்களா என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இனி தன் முறை, தப்பிக்க வழியில்லை என்று பயந்து அழுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அவர் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடிக்காரர் நீட்டியதை வாங்கி, ஒரு கேள்வி கேட்காமல் குடித்தார்.

படத்தைப் பார்த்த சிவகாசி டாக்டர், வேறு மாதிரி எதுவும் இல்லை என்றார். சிறுகுடல் தொடங்குகிற இடத்தில் புண். ஒரு கிருமியும் அதற்குக் காரணம், நேரத்துக்குச் சாப்பிடாததும் காரணம். பேரியம் வயிற்றுக்குள் போய்விடுமோ என்று பயந்து பயந்து வருடக்கணக்கில் வயிற்றைக் காயப்போட்டிருக்கிறார் அப்பா. காய்ந்த வயிற்றில் கிருமியும் அமிலமும் சேர்ந்துகொண்டு குடலை அரித்துவிட்டன. டாக்டர் சொல்லி முடித்ததும் அம்மா அந்த நாற்காலியிலேயே கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். அத்தனை நாளும் அவள் சரியாக மூச்சு விட்டாளா என்பதே சந்தேகம்தான்.

மாத்திரையில் அப்பா தேறிவிட்டார். அதன்பின் இட்லி தின்னாமல் வண்டி ஏற அம்மா விட்டதில்லை. சிக்கல் வேறு பக்கத்தில் வந்தது. பேரியம் குடித்தவர்கள் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அது உள்ளேயே இறுகிப்போகும் என்பதை அப்பாவிடம் மட்டும்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். படம் எடுத்த மறுநாள் காலை அப்பா கொல்லைக்குப் போய் வந்து, "வெள்ளை! சுத்த வெள்ளை! பச்சை துளிகூட இல்ல" என்று தொழில் சுத்தமாக அறிவித்தார். அம்மாவுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. வாழைப்பழமும் விளக்கெண்ணெயுமாக அம்மா பட்ட பாடு தெருவுக்கே தெரிந்துபோனது. கடைசியில் நடந்தபோது அப்பாதான் அவளைவிட அதிகம் சந்தோஷப்பட்டார்.

இந்தக் கதையை நான் பள்ளியிலும் கல்லூரியிலும் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். எங்கள் அம்மா எவ்வளவு சாமர்த்தியசாலி, அது விஷமில்லை என்று தெரிந்துகொண்டு எப்படி அப்பாவை மடக்கினாள் பாருங்கள் என்றுதான் முடிப்பேன். பிளஸ் டூ வேதியியலில் பட்டாசில் போடுகிற பேரியம் நைட்ரேட் கரையும், படத்துக்குக் குடிக்கிற பேரியம் சல்பேட் கரையாது என்று படித்தபோது அம்மாவை நினைத்து வகுப்பிலேயே சிரித்தவள் நான். கல்யாணமாகி, என் மகளையும் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்திருந்த ஒரு நாள், பேச்சுவாக்கில் அம்மாவிடமே கேட்டேன். அது விஷம் இல்லை என்று உனக்கு எப்படியம்மா அப்போதே தெரிந்தது?

அம்மா பேத்திக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"எனக்கு எங்கன தெரியும்? விஷம்னுதான் நெனச்சேன். உங்கப்பா சொன்னாகல்ல? மருந்து விஷயத்துல அவுக சொல்லி எது தப்பாப் போயிருக்கு?"

"பின்ன ஏம்மா குடிச்ச?"

"நான் குடிக்கலைன்னா அவுக படம் எடுத்திருப்பாகளா?" என்று சொல்லிவிட்டு, பேத்தியை வாயைத் திறக்கச் சொல்லி அடுத்த உருண்டையை ஊட்டினாள்.

அம்மா தன் சொல்லை அப்படியே நம்புகிறவள் என்று அப்பாவுக்குத் தெரியும். எதை நினைத்துக்கொண்டு அவள் அந்த டம்ளரைக் கவிழ்த்தாள் என்பதும் அவருக்கு அங்கேயே தெரிந்திருக்கிறது. தன் முறை வந்ததற்காக அவர் அழவில்லை.